ஐ.சி.யூ. நர்ஸுக்கு: முதல் டியூட்டியிலிருந்து இன்சார்ஜ் பொறுப்பு வரை

நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் சேருகிறவர்களிடம் தலைமைப் பொறுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேட்டால், “சீனியாரிட்டி வரட்டும், தானா இன்சார்ஜ் ஆவீங்க” என்பார்கள். அரசு மருத்துவமனைகளில் இது ஓரளவு உண்மை. கண்காணிப்பாளர் பதவி அங்கே பணிமூப்பை ஒட்டித்தான் வருகிறது. தனியாரில் கதை வேறு. சீனியர்கள் வெளிநாடு போய்விடுவார்கள். நான்கைந்து வருட அனுபவம் உள்ளவரைக் கூப்பிட்டு, “இனிமே நீங்க பாத்துக்கோங்க” என்று ஒரு யூனிட்டையே ஒப்படைத்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான்: பதவி வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பழகிப் பார்க்க வாய்ப்பு கிடைப்பதில்லை.

அந்த வேலை என்ன? நம் அதிகாரத்துக்குள் வராத ஆட்களை நேரத்துக்கு நகர வைப்பதுதான் அதில் பெரும்பகுதி. டியூட்டி டாக்டருக்கு நாம் மேலதிகாரி இல்லை. பிளட் பேங்க், லேப், எக்ஸ்ரே, வெண்டிலேட்டரைப் பழுது பார்க்க வருகிறவர், வெளியே நிற்கும் நோயாளியின் அண்ணன் என யாருமே நமக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஆனாலும் இரவு 3 மணிக்கு இவர்கள் எல்லோரும் ஒத்துழைத்தால்தான் 4ஆம் பெட் பிழைக்கும். இதைப் பழக எனக்குத் தெரிந்து மிக நல்ல இடம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது: தொழில் சார்ந்த தன்னார்வப் பணி. அங்கேயும் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் வார்டு.

முதல் ஒரு வருடம்

பெட்டை விட்டு நகராதீர்கள். கமிட்டி, மாநாடு எல்லாம் அப்புறம். ஓவர் (முந்தைய ஷிஃப்ட் நர்ஸிடமிருந்து பொறுப்பு) எடுத்தவுடன் ஒரே வரிசையில் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். முதலில் நோயாளியின் முகம், மூச்சு, நாடித்துடிப்பு, பிறகு டியூப், லைன், டிரெயின், கடைசியில்தான் மானிட்டர். மானிட்டரில் கோடு நேராகப் போனால் எலக்ட்ரோடு கழன்றிருக்கலாம், இதயமும் நின்றிருக்கலாம். எது என்று முகத்தையும் நாடியையும் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

தலைமாட்டில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, அலாரம் அளவுகளை யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள். வெண்டிலேட்டர் நோயாளிக்கு மருத்துவ ரீதியாகத் தடை இல்லையென்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் டியூபின் கஃப் (டியூபைச் சுற்றி ஊதி வைக்கும் சிறு பலூன்) அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். கஃபை விரலால் அமுக்கி “சரியா இருக்கு” என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அளக்கும் கருவி யூனிட்டில் இருந்தால் நீங்களாவது அதை எடுத்து அளந்து எழுதுங்கள்.

மருந்துக் கணக்கில் தடுமாறக் கூடாது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் “5 மில்லி ஓடுது” என்றால் அது பம்புக்குத்தான் தெரிந்த கணக்கு. 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். மணிக்கு 5 மில்லி என்றால் 400 மைக்ரோகிராம், நிமிடத்துக்கு 6.7. நோயாளி 60 கிலோ என்றால் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.11. ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்கிற நர்ஸ் அடுத்த நாள் பேச ஆரம்பித்தால், அவர் நின்று கேட்பார்.

ஓவர் கொடுப்பதும் டாக்டரைக் கூப்பிடுவதும்

தலைமை தொடங்குவது இங்கேதான் என்பது என் கட்சி. ஓவரை ஸ்டேஷனில் உட்கார்ந்து டைரியைப் பார்த்துப் படிக்காமல் பெட் பக்கத்தில் நின்று கொடுங்கள். லைனைத் தொட்டு, பம்பைப் பார்த்து, டிரெஸ்ஸிங் தேதியைக் காட்டிக் கொடுத்தால் பத்து நிமிடம் கூடுதலாகும். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

இரவில் டாக்டரை போனில் கூப்பிடும்போது இப்படிச் சொன்னால் போதாது: “டாக்டர், 6ஆம் பெட்டுக்கு பி.பி. கம்மியா இருக்கு.” அரைத் தூக்கத்தில் இருக்கிறவர் “சரி, வாட்ச் பண்ணுங்க” என்று வைத்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“டாக்டர், மெடிக்கல் ஐ.சி.யூ.விலிருந்து பேசுறேன். 6ஆம் பெட், 58 வயசு, நிமோனியா, வெண்டிலேட்டர்ல ரெண்டாவது நாள். மேப் 65க்கு மேலதான் இருந்துச்சு, அரை மணி நேரமா 55. எழுதியிருக்கிற ஆர்டர்படி நார்அட்ரினலின் 5லேருந்து 8 ஆக்கியாச்சு, ஏறல. ரெண்டு மணி நேரத்துல யூரின் மொத்தம் 20 மில்லிதான். உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தலன்னு நினைக்கிறேன். ஏ.பி.ஜி.யும் லாக்டேட்டும் எடுத்து வைக்கட்டுமா? நீங்க வந்து பார்க்கணும்.”

(மேப் என்பது சராசரி ரத்த அழுத்தம். ஏ.பி.ஜி.யும் லாக்டேட்டும் ரத்தப் பரிசோதனைகள்.) யார், என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்பதுதான் இதன் வரிசை. எஸ்பார் என்ற பெயரில் வகுப்பில் படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவத்துக்குள் வந்த முறை அது. புதியவர்கள் விட்டுவிடுவது கடைசி வரியைத்தான். “நீங்க வந்து பார்க்கணும்” என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொன்ன நேரத்தையும், அவர் சொன்ன பதிலையும் சார்ட்டில் எழுதிவிடுங்கள். வரவில்லையென்றால் அடுத்த படியில் இருக்கும் சீனியர் டாக்டரைக் கூப்பிடுங்கள். இதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம், உங்கள் மருத்துவமனையிலேயே அதற்கு எழுதி வைத்த நடைமுறை இருக்கும்.

ஷிஃப்ட் பொறுப்பு

இரண்டு அல்லது மூன்று வருடத்தில் நைட் ஷிஃப்ட் பொறுப்பு உங்களிடம் வரும். ஆள் பிரிப்பதுதான் முதல் சோதனை. பெட் எண் வரிசையில் “1, 2 உனக்கு, 3, 4 உனக்கு” என்று பிரிப்பது எளிது, ஆனால் அதில் டயாலிசிஸ் ஓடும் நோயாளியும் புதிதாக வரப்போகும் அட்மிஷனும் ஒரே ஆளின் தலையில் விழும். நோயாளியின் நிலையைப் பார்த்துப் பிரியுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு நிலையான ஒரு வெண்டிலேட்டர் நோயாளியைக் கொடுத்து, பக்கத்துப் பெட்டில் அனுபவமுள்ளவரைப் போடுங்கள். முடிந்தவரை உங்களுக்கென்று பெட் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் பற்றாக்குறையில் எடுத்தே ஆக வேண்டியிருந்தால் இருப்பதிலேயே நிலையானவரை எடுங்கள். சிலர் வீம்புக்கு மிகச் சிக்கலான பெட்டை எடுத்துக்கொண்டு யூனிட்டில் வேறு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

கோட் ப்ளூ (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பு) வந்தால் கூட்டம் கூடும், எல்லோரும் பேசுவார்கள். பெயர் சொல்லி வேலை கொடுங்கள். “யாராவது அட்ரினலின் எடுங்க” என்றால் மூன்று பேர் ஓடுவார்கள், இல்லை ஒருவரும் ஓட மாட்டார்கள். நெஞ்சை அழுத்துகிறவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நேரம் குறிக்க மட்டும் ஒருவர் வேண்டும். மருந்து கொடுத்தவர் “அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுத்தாச்சு” என்று உரக்கச் சொல்ல வேண்டும். முடிந்த பிறகு, நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும், ஐந்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்து எது தாமதமானது என்று கேளுங்கள். யார் தவறு என்று கேட்காதீர்கள். முதல்முறை கோட் பார்த்த சின்னப் பெண் யாராவது ஓரமாக நிற்பாள். அவளை டீ குடிக்க அனுப்புங்கள்.

டாக்டரை நிறுத்துவதற்கு ஒரு நர்ஸுக்கு உரிமை உண்டா? 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர்) போடுவதற்கு ஒரு சிறிய பட்டியல் தயாரித்தார். கை கழுவு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, முழு உடலையும் மூடும் துணி போடு என எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். முதலில் நர்ஸுகளைக் கவனித்துக் குறிக்கச் சொன்னார். மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தது. பிறகு, படி தவறினால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகம் நர்ஸுகளுக்குக் கொடுத்தது. இதே முறையை மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் கொண்டுவந்தபோது, ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு கதீட்டர் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. 2006இல் அந்த முடிவுகள் வெளியாயின. பட்டியலைப் புகழ்கிறவர்கள் பலர். எனக்கு முக்கியமாகப் படுவது நிர்வாகம் நர்ஸுகளின் பின்னால் நின்றது. உங்கள் யூனிட்டில் இதைத் தொடங்க நினைத்தால் முதலில் ஐ.சி.யூ. தலைமை மருத்துவரின் கையெழுத்தை வாங்குங்கள். கையெழுத்து இல்லாமல் போய் ஒரு சர்ஜனை நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

படிப்பு

சுருக்கமாகவே சொல்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த தீவிர சிகிச்சை நர்சிங் போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஒரு வருடம். பி.எஸ்சி. முடித்து ஒரு வருடமாவது அனுபவம் உள்ளவர்களுக்கு, தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 2016இல் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்தது. வார்டில் வேலை செய்துகொண்டே படிக்கும் ரெசிடென்சி முறை அது. கற்பிக்கும் பக்கம் போக விருப்பமென்றால் எம்.எஸ்சி. சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: முடித்துவிட்டு வந்தால் உங்கள் மருத்துவமனை அதற்கென்று தனிப் பதவியோ சம்பளமோ தருகிறதா? பல இடங்களில் படித்து வந்தவரும் பழைய டியூட்டி லிஸ்டிலேயே தொடர்கிறார். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள் இரண்டு வருடத்தில் காலாவதியாகும். மாநில கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கும்போது தொடர்கல்வி மணிநேரங்கள் கேட்பார்கள், அதனால் கலந்துகொண்ட ஒவ்வொரு வகுப்பின் சான்றிதழையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

தன்னார்வப் பணி: எங்கே தொடங்குவது

“சம்பளம் வாங்குற வேலைக்கே உடம்பு தாங்கல, இதுல சும்மா வேற வேலை செய்யணுமா?” என்பீர்கள். நியாயமான கேள்வி. நைட் டியூட்டி முடித்த கையோடு முகாமுக்குப் போகாதீர்கள். மாதத்தில் ஒரு ஆஃப் நாளின் பாதி போதும். அதற்கு மேல் கேட்கும் அமைப்பிடம் முடியாது என்று சொல்லப் பழகுவதும் இதில் ஒரு பாடம்.

முதல் இடம் தொழில் அமைப்பு. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் உருவானது. அதற்கு மூன்று வருடம் முன்பு லக்னோவில் நர்சிங் கண்காணிப்பாளர்களின் சங்கமாகத் தொடங்கியது அதன் வேர். டி.என்.ஏ.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்லூரியில் அதன் மாணவர் பிரிவான எஸ்.என்.ஏ.வில் இருந்திருப்பீர்கள், கலைநிகழ்ச்சியும் போஸ்டர் போட்டியும் நினைவில் இருக்கும். வேலைக்கு வந்த பிறகு உறுப்பினர் அட்டையோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் மருத்துவமனை யூனிட்டின் கூட்டத்துக்குப் போய், யாரும் விரும்பாத வேலையைக் கேட்டு வாங்குங்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, பேச்சாளரை ஏற்பாடு செய்வது, வரவு செலவு. ஒரு தொடர்கல்வி வகுப்பு நடத்துவதற்கு ஹால் கேட்டு, நான்கு மருத்துவமனைகளுக்குக் கடிதம் போட்டு, வர மறுக்கிற பேச்சாளரை மூன்று முறை கூப்பிட்டு, சாப்பாட்டுக் கணக்கை முடித்துப் பாருங்கள். யூனிட் நடத்துவதில் பாதி இதற்குள் வந்துவிடும். அரசியலும் இருக்கும், பதவிக்கு இழுபறியும் இருக்கும். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, பொதுமக்களுக்கு நெஞ்சழுத்த முதலுதவி கற்பிப்பது. இந்தியாவில் இதற்கென்றே காம்ப்ரெஷன் ஒன்லி லைஃப் சப்போர்ட் என்ற எளிய முறை இருக்கிறது. வாயில் ஊத வேண்டியதில்லை, நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். ஆட்டோ ஸ்டாண்டிலும் பள்ளியிலும் ஜவுளிக்கடை ஊழியர்களுக்கும் கற்றுக்கொடுக்கப் போனால் உங்கள் ஆங்கிலச் சொற்கள் ஒன்றும் செல்லாது. “விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடுங்க, பதில் இல்லன்னா 108க்கு போன் போடுங்க, நெஞ்சு நடுவுல கையை வைங்க” என்று பேச வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நோயாளியோடு வந்தவர்களிடம் பேசும்போது இந்தப் பழக்கம் நேராகக் கைகொடுக்கும். கேட்பவர்கள் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: “உதவி பண்ணப் போய் போலீஸ் கேஸ் ஆயிட்டா?” 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையின் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உறுப்பு தானம் பற்றிய விழிப்புணர்வு. ஐ.சி.யூ. நர்ஸைவிட இதைப் பேசத் தகுதியானவர் குறைவு. மூளைச்சாவு அடைந்தவரின் ரத்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் சிறுநீரையும் மணிக்கணக்கில் தாங்கிப் பிடிப்பவர் நீங்கள்தான். 2008இல் ஹிதேந்திரன் என்ற மாணவரின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வீடுகளுக்குள் வந்தது. இன்று டிரான்ஸ்டான் என்ற மாநில ஆணையம் பகிர்வை நடத்துகிறது. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்ற அறிவிப்பு 2023இல் வந்தது. ஊரில் பேசும்போது மக்களுக்கு இருக்கும் பயம் ஒன்றுதான்: “உயிரோட இருக்கும்போதே எடுத்துடுவாங்களோ?” சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவு அறிவிக்கப்படும் என்பதை நிதானமாக விளக்குங்கள். ஆனால் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். உங்கள் டியூட்டியில் இருக்கும் நோயாளியின் குடும்பத்திடம் நீங்களே தானம் கேட்கக் கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். சிகிச்சை கொடுக்கிற கையே தானமும் கேட்டால் குடும்பத்துக்குச் சந்தேகம் வரும், அது நியாயமும்கூட.

பேரிடர் பணி பலரை இழுக்கும். 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் என்று நம் பக்கம் அனுபவத்துக்குக் குறைவில்லை. தனியாளாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் அங்கே சோறும் படுக்கையும் தேடும் இன்னொரு ஆளாகத்தான் இருப்பீர்கள். இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிலோ வேறு பதிவு பெற்ற அமைப்பிலோ முன்கூட்டியே பெயர் கொடுத்து, பயிற்சி எடுத்து வையுங்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் சரியாக இருக்க வேண்டும். பேரிடர் இடத்தில் ஐ.சி.யூ. புத்தி ஒரு தொந்தரவு: நாம் ஒரே நோயாளிக்கு எல்லாவற்றையும் செய்து பழகியவர்கள். அங்கே காயத்தின் தீவிரத்தைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று பிரித்து, பிழைக்க வாய்ப்பில்லை என்று கறுப்பு அட்டை கட்டியவரைத் தாண்டிப் போக வேண்டும். இதை ஒத்திகையில் பழகாதவர்கள் களத்தில் உறைந்துவிடுகிறார்கள்.

எந்த முகாமானாலும் சில விஷயங்களில் கறாராக இருங்கள். டாக்டர் இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள், “சிஸ்டர், நீங்களே ஒரு ஊசி போட்டு விடுங்க” என்று கெஞ்சினாலும். நோயாளியோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அரசுப் பணியில் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியாரிலும் நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் கையெழுத்து என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

இன்சார்ஜ் பொறுப்பு வரும்போது

இப்போது எண்கள் உங்கள் ஆயுதம். ஐ.சி.யூ.வுக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பெட்டுக்கு ஒரு நர்ஸ், அதோடு விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 பெட், மூன்று ஷிஃப்ட் என்றால் 30, விடுப்பு ஈட்டோடு 39. உங்களிடம் 18 பேர் இருப்பார்கள். “ஆள் பத்தல” என்று நிர்வாகத்திடம் சொன்னால் “எல்லா வார்டுலயும் அதேதான்” என்பார்கள். கழன்ற டியூப்கள், பெட் சோர் (படுக்கைப் புண்), லைன் தொற்று ஆகியவற்றை மாதவாரியாக எழுதி, அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். தொற்று விகிதக் கணக்கு எளிது: தொற்றுகளை மொத்த கதீட்டர் நாட்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 600 கதீட்டர் நாளில் 3 தொற்று என்றால் 5. பணம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த மொழி புரியும்.

டியூட்டி லிஸ்ட்தான் உங்கள் பெயரைக் கெடுக்கும் அல்லது காப்பாற்றும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் விடுப்பை யாருக்கு எந்த வருடம் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒரு நைட்டைக் குறைத்தால் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பதவியை ஏற்கச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்போது நிரம்பியிருப்பது எத்தனை? டியூட்டி லிஸ்ட் போடுவதும் மாற்றுவதும் முழுக்க உங்கள் கையிலா, வேறு யாராவது கூப்பிட்டு ஆளை எடுத்துக்கொள்வார்களா? இன்சார்ஜாக இருக்கும்போதே தினமும் உங்களுக்கும் பெட் கொடுப்பார்களா? மூன்றாவதுக்குப் பதில் “ஆமா, ஆள் இல்லன்னா நீங்களும் பாக்கணும்” என்று வந்தால், சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் அதே தாளில் கேட்டுவிடுங்கள்.